மழைநாளில் ஜவ்வாது மலை நடை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்யும் வழிமுறை

ஐப்பசி, கார்த்திகையில் ஜவ்வாது மலையில் இரண்டு மூன்று நாள் பை தூக்கி நடந்தால் நனையாமல் திரும்ப முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெயின் கோட்டும் நாள் முழுக்கப் பெய்யும் மழையிடம் தோற்கும். அதனால் ஒரே ஒரு மூட்டையைக் காப்பாற்றினால் போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரவுக்கு ஒரு பனியன், முழுக்கால் சட்டை, ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், ஸ்லீப்பிங் பேக். இது உலர் மூட்டை. பகலில் என்ன நனைந்தாலும் இந்த மூட்டை காய்ந்திருந்தால் மறுநாள் நடக்கலாம். இது நனைந்துவிட்டால் அன்றோடு பயணம் முடிந்தது; பக்கத்து ஊருக்கு இறங்கும் வழியைப் பாருங்கள். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் இந்த மூட்டையைக் காப்பதற்காகத்தான்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். காப்புக்காட்டுக்குள் நடக்கவும் தங்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஜவ்வாது சந்தன மரக் காடு, அதனால் அறிமுகமில்லாத ஆள் நடமாட்டத்தைக் கவனிப்பார்கள். இரவுத் தங்கலை மலைக் கிராமங்களை ஒட்டி, ஊர்க்காரர் சம்மதத்தோடு அவர்கள் கொல்லையிலோ திண்ணையிலோ வைத்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

இரண்டாவது, வானிலை அறிவிப்பு. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. 'மிகக் கனமழை' 204.4 வரை. அதற்கு மேல் 'அதிகனமழை'. ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நினைக்கவும் கூடாது. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. உள் மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது அதற்குப் பிறகுதான். டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

கோட்டுக்குள் சட்டை நனைந்திருக்கிறது

எந்த இடம் நனைந்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். பை வார் அழுத்தும் தோள்பட்டை, ஜிப் ஓரம், கழுத்து, தையல் கோடு என்றால் கோட்டு ஒழுகுகிறது. முதுகு, அக்குள், முழங்கை மடிப்பு என்றால் அது உங்கள் வியர்வை. நம் பக்கத்து மழை பகலில் அவ்வளவு குளிர்ந்ததில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது 'மூச்சுவிடும்' துணி என்று விற்பதும் வியர்வையை வெளியே தள்ளாது.

வியர்வை என்றால்: ஏற்றத்தில் வேகத்தைக் குறையுங்கள், பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் சரி. அக்குள் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், உள்ளே ஒரே ஒரு மெல்லிய பாலியெஸ்டர் சட்டை போடுங்கள். பருத்தி வேண்டாம். பையையும் சேர்த்து மூடும் பொன்சோ இந்த மலைக்குக் கோட்டைவிட வசதி. கீழ் ஓரத்தை இடுப்பில் ஒரு கயிற்றால் கட்டினால் காற்றில் பறக்காது. அகலமான பாதையில் சாதாரணக் குடைக்கு நிகர் எதுவும் இல்லை; இடி இருக்கும்போதும் முகட்டிலும் மட்டும் மடக்கிவிடுங்கள்.

ஒழுகல் என்றால்: துணியின் மேல் நீர் முத்துமுத்தாக உருளாமல் ஊறிப் பரவினால் மேல்பூச்சு தேய்ந்திருக்கிறது. வீட்டில் மென்மையான சோப்பில் அலசி, கண்டிஷனர் போடாமல் காயவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் மேலே ஒரு துணி விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் ஓரளவு திரும்ப வரும். உள்பக்கத் தையல் டேப் உரிந்திருந்தால் மலையில் சரிசெய்ய வழி குறைவு. அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து அகலமான டேப் ஒட்டி ஒப்பேற்றலாம்.

உறை போட்டும் பைக்குள் தண்ணீர்

வெளி உறை முதுகுப் பக்கத்தை மூடாது. கோட்டில் வழியும் நீர் முதுகு வழியாகப் பைக்குள் இறங்கி, உறையின் அடியில் தேங்கி, அடித்துணி வழியாக ஊறும். உறையின் அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒரு சிறு துளை போடுங்கள். ஆனால் நம்ப வேண்டியது உள்ளே போடும் பாலித்தீன் பையைத்தான். உர மூட்டைக்குள் உள்ளுறையாக வரும் அளவுக்குத் தடிமனான புதுப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, உலர் மூட்டையை அடியில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, முறுக்கை மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள். வெறும் முடிச்சு நீரை உள்ளே விடும். கோட்டு, டென்டின் மேல்விரிப்பு, அன்று மதியச் சாப்பாடு மூன்றும் இந்தப் பைக்கு வெளியே, மேலே இருக்கட்டும். மழை நடுவே உள்பையைத் திறக்கும் தேவையே வரக்கூடாது.

ஒருவர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது

இதற்கு மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பனி விழும் ஊரில்தான் உடம்பு விறைக்கும் என்று வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள் நினைப்பதுண்டு. நனைந்த துணியும் காற்றும் பசியும் சேர்ந்தால் 15 டிகிரியிலேயே உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும். மழைக்கால மாலையில் முகட்டுப் பாதையில் இது நடக்கக்கூடியதே.

வரிசை இதுதான். முதலில் நடுக்கம். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது. சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பாருங்கள், தடுமாறினால் அறிகுறி உறுதி. பிறகு கால் இடறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், 'எனக்கு ஒண்ணுமில்ல, போங்க' என்று எரிச்சல்படுவார். அந்தப் பேச்சை நம்பி விடாதீர்கள்.

காற்றுப் படாத இடத்தில் தார்ப்பாயைக் கட்டி, ஈரத்துணி முழுவதையும் கழற்றி, துடைத்து, உலர் மூட்டையில் இருப்பதை மாட்டிவிடுங்கள். தலைக்குக் குல்லா. தரையில் நேரே உட்கார வைக்காதீர்கள். காலியான பை, பாய், இலைக்குவியல் எதையாவது கீழே போடுங்கள், தரை உறிஞ்சும் சூடு அதிகம். தெளிவாகப் பேசி விழுங்க முடிகிறவருக்கு வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர், கடலை மிட்டாய், பேரீச்சை. வெந்நீர் நிறைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வைக்கலாம். கை காலைத் தேய்த்துவிடக் கூடாது. மது கொடுக்கவே கூடாது, அது தோலுக்குச் சூட்டை இழுத்து உள்ளே இன்னும் குளிரவைக்கும்.

நடுக்கம் நின்று தூக்கம் சொக்கினால் குணமாகிறார் என்று அர்த்தமில்லை, நிலை முற்றிவிட்டது. படுக்கவைத்து, அதிகம் அசைக்காமல், சூடு போகாமல் போர்த்தி, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இருவரை அனுப்பி 108க்குச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, முகட்டுப் பக்கமோ ஊர்ப் பக்கமோ போக வேண்டும்.

பாதம் வெளுத்துச் சுருங்கி, மிதித்தால் குத்துகிறது

நாற்று நடுபவர்களுக்கு வரும் சேற்றுப்புண்ணின் ஆரம்பம்தான் இது. தோல் பல மணி நேரம் நீரில் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது. அதன் மேல் உரசல் விழுந்தால் தாள் மாதிரி உரியும். மருந்து ஒன்றே, காயவைப்பது. முகாமுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி, பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் தனித்தனியாகத் துடைத்து, உலர் சாக்ஸ் போட்டு இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம், அப்படியே இருக்கவிடுங்கள். நெருப்பருகே காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. காலையில் கிளம்பும் முன் பாதம் முழுக்கப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பிறகு ஈரச் சாக்ஸையே பிழிந்து மாட்டுங்கள். ஆம், ஈரச் சாக்ஸைத்தான். இரவுச் சாக்ஸைப் பாவம் பார்த்துப் பகலில் போட்டால் அரை மணியில் அதுவும் நனையும், அன்றிரவு மாற்ற எதுவும் இருக்காது. மதியம் ஒருமுறை இருபது நிமிடம் ஷூவைக் கழற்றிக் காற்றாட விடுங்கள்.

ஓரிடம் மட்டும் சூடாக எரிந்தால் கொப்புளம் வரப்போகிறது. அந்த நிமிடமே நிற்க வேண்டும். ஈரத்தோலில் பிளாஸ்டர் நிற்காது. துடைத்து, ஸ்பிரிட் தொட்டு, காய்ந்த பின் துணிப் பிளாஸ்டரை மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கொப்புளம் பெரிதாகி நடக்க முடியாமல் போனால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் அடி ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் மூடிவிடுங்கள்.

'வாட்டர் புரூஃப்' பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஓடையில் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தால் பிறகு அது வெளியேறாது, இரண்டு நாளும் காயாது. வலைத்துணி ஷூ உடனே நனையும், ஆனால் நடக்க நடக்க வடிந்துவிடும். இந்த மலைக்கு வலைத்துணியே மேல். இரவில் உள்ளே பழைய நாளிதழைத் திணித்து இரண்டு மணிக்கொருமுறை மாற்றுங்கள்.

ஷூவின் சோல் வாய் பிளக்கிறது

அலமாரியில் சில வருஷம் கிடந்த ஷூவில்தான் இது நடக்கும். உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் அடுக்கு காற்றின் ஈரத்தால் சத்தமில்லாமல் சிதைந்திருக்கும், முதல் நாள் சேற்றில் கழன்றுவிடும். மலையில்: 3 மி.மீ. நைலான் கயிற்றை முன்பாதத்தில் மூன்று சுற்று, நடுப்பாதத்தில் இரண்டு சுற்று சுற்றி மேலே முடிச்சிடுங்கள். உடனே ஒட்டும் பசை ஈரச் சேற்றில் பிடிக்காது. முன்னேற்பாடாக, கிளம்பும் முன் சோலின் ஓரத்தைச் சுற்றித் தையல் போட்டு வாங்கிவிடுங்கள். தோல், ஷூத் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை நம் பக்கத்திலேயே இருக்கின்றன, தைத்துக் கொடுக்கத் தேர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

டென்டுக்குள் சொட்டுகிறது

இங்கேயும் முதல் கேள்வி, மழையா மூச்சா? உள்கூரை முழுக்கச் சன்னமாக வியர்த்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தால் அது தூங்குபவர்களின் மூச்சு. ஒரு ஆள் ஓர் இரவில் சில நூறு மில்லி நீரை ஆவியாக விடுகிறார். இரண்டு எதிரெதிர் காற்றுவழிகளையும் திறந்துவிடுங்கள், ஈரத்துணியை உள்ளே தொங்கவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் கொதிக்கவைக்காதீர்கள். அடுப்பை உள்ளே பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும் என்பதால் அது எப்போதுமே கூடாது.

ஒரே இடத்தில் சொட்டினால் தையல். வெளிப்பக்கத்தைத் துடைத்து அந்தத் தையலில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தால் இரண்டு இரவு தாங்கும்.

மேல்விரிப்பு தொய்ந்து உள்துணியைத் தொடுகிறதா? நைலான் நனைந்தால் நீளும். படுக்கும் முன் ஒருமுறை, நடு இரவில் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். தொட்ட இடத்தில்தான் நீர் உள்ளே வரும்.

தரையிலிருந்து ஈரம் ஊறினால், கீழே விரித்த தார்ப்பாய் டென்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூரையில் வழியும் நீரை அது பிடித்து உங்கள் அடியிலேயே கொண்டு சேர்க்கும். நாலு பக்கமும் விரற்கடை இரண்டு உள்ளே மடித்துவிடுங்கள்.

முளை பிடுங்கிக்கொண்டால், டென்டோடு கொடுக்கும் 15 செ.மீ. கம்பி நனைந்த செம்மண்ணில் நிற்காது. முழங்கை நீளக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து, மேலே மண்ணை மிதித்து, அதன்மேல் கல் வையுங்கள். பாறைத்தரையில் கல்லில் நேரே கட்டலாம், ஆனால் கயிறு அறுபடாமல் இருக்கக் கூரான முனைக்குத் துணி கொடுங்கள்.

இடம் தேர்வதில் பாதி வெற்றி. அறுவடையான சாமைக் கொல்லையில் மேட்டுப்பக்கம் நல்ல இடம். வரப்புக்கு உள்ளே தாழ்வான மூலையில் தண்ணீர் கட்டும். வறண்ட ஓடைப்படுகை மணலாக, சமமாக, அழைப்பதுபோல் இருக்கும். அங்கே போடவே கூடாது. தனித்து நிற்கும் பெரிய புளியமரமும் வேண்டாம், கிளை முறியும், இடி இறங்கும். சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், இதுவரை இல்லாத இடத்தில் சேற்று ஊற்று தென்பட்டால் அந்தச் சரிவுக்குக் கீழே தங்காதீர்கள்.

ஓடை நிறம் மாறுகிறது

செய்யாறு, மிருகண்டா நதி, கமண்டல நாகநதி எல்லாம் இந்த மலையில் பிறப்பவை. அவற்றுக்குப் போய்ச் சேரும் சிற்றோடைகள் காலையில் கணுக்கால் அளவு ஓடும், மாலையில் ஆளை இழுக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாமலும் இது நடக்கும், மேலே பெய்தால் போதும்.

தெளிந்த நீர் செம்மண் நிறமாகிறது, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றன, சத்தம் கனக்கிறது: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். பிறகு நீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, கால் மணி நேரம் பாருங்கள். குச்சி மூழ்கிக்கொண்டே போனால் கடக்கும் பேச்சே வேண்டாம். இறங்கினால் காத்திருங்கள். இங்கே ஓடைகள் சின்னவை, சரிவு செங்குத்து. மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். பக்கத்து ஊரில் மாடு ஓட்டி வருபவரிடம், "அண்ணா, இந்த ஓடையில தண்ணி எப்ப எறங்கும்? மேல வேற வழி இருக்குதா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் சுற்றுவழி இரண்டு மணி நேரம் அதிகமானாலும் அதில் போங்கள்.

கடக்கலாம் என்று முடிவானால்: முழங்காலுக்கு மேல் போகும் கலங்கல் நீர் வேண்டாம். அகலமாக, பரவி ஓடும் இடம் பாருங்கள். குறுகிய இடத்தில் ஆழமும் வேகமும் கூடும். அருவிக்கு மேலே எந்த இடத்திலும் கடக்காதீர்கள், பீமன்மடவு போன்ற இடங்களில் பாறை நனைந்தால் பாசி வழுக்கிவிடும். ஷூவைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்பு, மார்பு வார்களை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கழியை எதிரே ஊன்றி, பக்கவாட்டில் ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது ஆபத்து; விழுந்தவரைக் கயிறு நீருக்கடியில் பிடித்துவைக்கும்.

குடிநீர் கலங்கல், ஃபில்டர் அடைக்கிறது

செம்மண் நீரை நேரே ஃபில்டரில் விட்டால் ஒரு பாட்டிலிலேயே அடைத்துக்கொள்ளும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, படிகாரக் கட்டியை 5 லிட்டரில் நாலைந்து சுற்று சுற்றி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தேற்றாங்கொட்டையைப் பாத்திரத்தின் உள்பக்கம் உரைத்தாலும் அதே வேலை நடக்கும். மேல்தெளிவை இறுத்து, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவையுங்கள். குளோரின் மாத்திரை என்றால் தெளிந்த பிறகே போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் அது சரியாக வேலை செய்யாது. கொல்லையை ஒட்டிய வாய்க்காலில் எடுக்காதீர்கள், கொதிக்கவைத்தாலும் பூச்சிமருந்து போகாது.

அடுப்பு பற்றவில்லை

கேஸ் அடுப்பென்றால் பெரும்பாலும் பொத்தான் பொறி நனைந்திருக்கும். தீப்பெட்டியை ஜிப் கவரில், உரசும் பட்டையோடு, இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். காற்றுத்தடுப்பை சிலிண்டரைச் சுற்றி முழுசாக மூடாதீர்கள், சூடேறி வெடிக்கும். ஊரார் அனுமதித்த இடத்தில் விறகு மூட்டினால், நனைந்த கட்டையைப் பிளந்து உள்வயிரத்தைச் சிராய்களாக எடுத்து, இரண்டு வில்லைக் கற்பூரமும் தேங்காய் நாரும் வைத்துப் பற்றவையுங்கள். அரிசியைவிடச் சாமை எரிபொருளை மிச்சப்படுத்தும். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர், கால் மணிக்குள் வெந்துவிடும்.

போன் சார்ஜ் ஏறவில்லை, பாதை தெரியவில்லை

சார்ஜ் துளையில் ஈரம். வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி, சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் விடுங்கள். அரிசியில் புதைத்தால் தவிடும் தூசும்தான் துளைக்குள் போகும். மூடுபனியில் பாதை தவறினால் கடைசியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கும் யோசனை மழைநாளில் அருவி விளிம்பில் கொண்டுபோய் விடும்.

மின்னல்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை ஏறாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குள் நடையை முடிக்கும்படி விடியலில் கிளம்பினால் மாலை இடிமழையில் பாதி தப்பும்.

திரும்பி வந்து ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல்

இதைத்தான் பலர் பயணத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. புல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் வேலூர் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட நோய். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் அதிகம் வரும். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருத்த பொருக்கு இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துத் தேடுங்கள். எல்லாருக்கும் அது வராது. இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. கலங்கல் நீரில் காயத்தோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம்.

மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, எந்தத் தேதியில் எந்த மலையில் எத்தனை நாள் இருந்தீர்கள், ஓடையில் இறங்கினீர்களா என்று சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் நன்றாகக் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே பலன் தருகிறது என்று காட்டிய, 2023இல் வெளியான ஆய்வில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்றார்கள். ஆனால் மருந்துக்கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய் இது. அடுத்த முறை கால்சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகி நடங்கள், புல்லில் பாய் இல்லாமல் உட்காராதீர்கள், இறங்கிய அன்றே சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணி மொத்தத்தையும் வெந்நீரில் துவைத்துவிடுங்கள்.